ஊரே பேசும் நாவல்கள்

மெக்சிகோ நகரை ஒட்டிய எகாதேபெக்கில் ஹூமெக்ஸ் என்ற பழச்சாறு ஆலை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் சிலர் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கதையைத் தவணை தவணையாக உரக்கப் படித்தார்கள். அவர்கள் அடித்த கமெண்ட், சிரிப்பு, இடையில் சொன்ன சொந்தக் கதைகள் எல்லாம் ஒலிப்பதிவாகி, நியூயார்க்கில் இருந்த எழுத்தாளர் வலேரியா லூயிசெல்லிக்குப் போயின. அதைக் கேட்டுவிட்டு அவர் அடுத்த தவணையை எழுதி அனுப்பினார். 2013-இல் வெளிவந்த ‘என் பற்களின் கதை’ நாவல் இப்படித்தான் உருவானது. ஏலக்காரர் ஒருவர் தன் பழைய பற்களைப் புகழ்பெற்றவர்களின் பற்கள் என்று சொல்லி ஏலம் விடும் கூத்து அது.

மெக்சிகோ நாவல் என்று கேட்டால் புத்தக உலகம் இரண்டு லேபிள்களை நீட்டும். ஒன்று மாய யதார்த்தம், இன்னொன்று போதைப்பொருள் கும்பல். இரண்டையும் உரித்துப் போட்டுவிட்டுப் படிப்பதே நல்லது. புதிதாக நுழைபவருக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இப்போது பேசுவது யார்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்க வைப்பவர் ஹுவான் ருல்ஃபோ. சிறுவயதிலேயே தந்தையைக் கொலைக்குப் பறிகொடுத்தவர்; டயர் கம்பெனி விற்பனையாளராக ஊர் ஊராக அலைந்தவர். 1955-இல் வந்த அவருடைய ‘பெட்ரோ பராமோ’ ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறிய புத்தகம். தாயின் கடைசி ஆசைக்காகத் தந்தையைத் தேடி கோமாலா என்ற ஊருக்கு மகன் வருகிறான். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் செத்துப்போனவர்கள். பாதிக் கதையில், சொல்லிக்கொண்டிருப்பவனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்பது தெரியவருகிறது. நாவலுக்கு ருல்ஃபோ முதலில் யோசித்த தலைப்புகளில் ஒன்று ‘முணுமுணுப்புகள்’. 1961-இல் மெக்சிகோவுக்குக் குடிவந்த கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் இதை ஒரே இரவில் இரண்டு முறை படித்ததாக எழுதியிருக்கிறார்.

எலேனா காரோ இன்னும் ஒரு படி மேலே போனார். 1963-இல் வெளிவந்த அவருடைய ‘வருங்காலத்தின் நினைவுகள்’ நாவலில் கதை சொல்வது ஓர் ஆள் அல்ல. இக்ஸ்தெபெக் என்ற ஊர். ராணுவம் வந்து உட்கார்ந்துகொண்ட ஊர் தன் கதையைத் தானே சொல்கிறது. மாய யதார்த்தத்தின் அடையாளமாகிப்போன மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ வெளிவர அப்போது இன்னும் நான்கு வருடம் இருந்தது.

ஊர் ஏன் பேச வேண்டியிருக்கிறது? ஏடு பேசாத இடத்தில் ஊர்வாய் பேசத்தானே செய்யும். 1968 அக்டோபர் 2 அன்று, மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள் இருக்கையில், அந்நகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை. அந்தத் துப்பாக்கிச்சூட்டைக் கண்டித்துத்தான் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் டெல்லியில் வகித்த தூதர் பதவியைத் துறந்தார். மாணவர்கள், தாய்மார்கள், சிறையில் இருந்தவர்கள் சொன்னதை எழுத்தாளர் எலேனா பொனியாடோவ்ஸ்கா தொகுத்து 1971-இல் நூலாக்கினார். அரசு எழுதாத ஆவணம் அது.

பெர்னாண்டா மெல்ச்சோரின் ‘சூறாவளிப் பருவம்’ (2017) அந்த வழியில் வந்ததுதான். வெராக்ரூஸ் மாநிலத்தில், சூனியம் செய்பவர் என்று பேரெடுத்த ஒருவரின் பிணம் வாய்க்காலில் கிடந்தது என்ற பத்திரிகைச் செய்தியே அதன் விதை. நேரில் போய் விசாரித்து எழுதுவது ஆபத்து என்று உணர்ந்து மெல்ச்சோர் நாவலுக்குத் திரும்பினார். பத்தி பிரிக்காமல், மூச்சு விடாமல், வசவும் வம்புமாக ஓடும் உரைநடை. படிப்பவருக்குக் குமட்டும். ஆனால் கொலைக்குப் பின்னால் இருக்கும் வறுமையையும் ஆண்களின் வெறியையும் எந்தப் போலீஸ் அறிக்கையும் இவ்வளவு விளக்கமாகச் சொல்லாது.

எல்லாம் இருட்டு என்று பயப்பட வேண்டியதில்லை. ஹுவான் பாப்லோ வில்லலோபோஸின் ‘வளைக்குள் விருந்து’ நாவலில் கடத்தல் தாதாவின் சின்ன மகன் லைபீரியக் குள்ள நீர்யானை வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். சிரித்துக்கொண்டே படிக்கையில் வயிறு கலங்கும்.

தமிழில் படிக்கிறவருக்கு ஒரு குறை உண்டு. இந்நூல்களில் பல ஆங்கிலம் வழியாகவே நம் கைக்கு வருகின்றன. அந்தச் சுற்றுவழியில் முதலில் தேய்வது குரல்தான். எல்லை தாண்டும் பெண்ணைப் பற்றிய நாவலில் யூரி எரேரா, ‘வெளியேறு’ என்பதற்குப் பழைய பாடல் மரபின் சொல் ஒன்றிலிருந்து புதிய வினைச்சொல்லே உண்டாக்கினார். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அதற்கு வேறொரு சொல்லைத் தேட வேண்டியிருந்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தால் அது நகலின் நகல். ஸ்பானிஷ் கற்று நேரடியாக மொழிபெயர்ப்பவர்களுக்குப் பதிப்பகங்கள் பணமும் அவகாசமும் கொடுத்தால்தான் இது மாறும்.

ஏடு பேசாத இடத்தில் குரலைத் தேடிய நூல் இன்னும் ஒன்று உண்டு. 2019-இல் எழுத்தாளர் கிறிஸ்டினா ரிவேரா கர்சா மெக்சிகோ நகரின் அரசு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார். 1990-இல் கொல்லப்பட்ட தங்கை லிலியானாவின் வழக்குக் கோப்பைக் கேட்டுத்தான் அந்த அலைச்சல். கோப்பு கிடைக்கவில்லை. முப்பது வருடமாகத் திறக்காமல் வைத்திருந்த பெட்டிகளைத் திறந்தார். உள்ளே தங்கையின் கடிதங்கள், நோட்டுப் புத்தகங்கள். அவற்றையும் தோழிகளின் பேச்சையும் வைத்து அவர் எழுதிய நூல் 2024-இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதில் லிலியானா தன் கையெழுத்திலேயே பேசுகிறாள்.