பத்து வயதில் வெட்டுப்புள்ளி

பெறுபேறு வெளியானதும் ஊர்ச் சந்திகளில் பதாகைகள் ஏறிவிடுகின்றன. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படம், பெயர், பக்கத்தில் புள்ளி. அதே வகுப்பில் இரண்டு புள்ளியால் தவறிய பிள்ளையும் தினமும் அந்த வழியேதான் பாடசாலைக்குப் போகிறது. அதற்கு வயது பத்து.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நல்ல நோக்கத்தோடு பிறந்தது. 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த காலத்தில், வசதியற்ற கிராமத்துப் பிள்ளை மத்திய கல்லூரியில் சேர்ந்து படிக்க இது வழி திறந்தது. இன்றோ ஆண்டுதோறும் 3 இலட்சம் பிள்ளைகளுக்கு மேல் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஐந்தில் ஒருவர்கூட இல்லை.

முதலாம் வினாத்தாளில் 40 வினாக்கள், ஒரு மணி நேரம். அந்த வேகத்துக்குப் பழக்கவே தரம் 3இலிருந்து செயலட்டைகள் குவிகின்றன. மாலையில் தனியார் வகுப்பு, சனி ஞாயிறில் கருத்தரங்கு, இரவில் கடந்தகால வினாத்தாள். பாட்டுக்கும் சித்திரத்துக்கும் உரிய பாடவேளையை மாதிரி வினாத்தாள் தின்றுவிடுகிறது. கட்டுரைகூட மனனம்தான். முப்பது கொப்பிகளிலும் ஒரே பசு, ஒரே வசனம். மாடே இல்லாத வீட்டுப் பிள்ளையும் "எங்கள் வீட்டுப் பசு" என்றே தொடங்குகிறது. தான் கண்டதைத் தன் சொல்லில் எழுதப் பழக வேண்டிய வயது இது.

2024இல் இந்தப் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி வழங்கும்படி தீர்ப்பானது. சிறு பிள்ளைகளின் பரீட்சைக்கு இவ்வளவு வெறியை ஏற்றிவைத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்.

பரீட்சை இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலை எப்படிக் கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பது நியாயம். ஆனால் வகுப்புக் கட்டணம் கட்ட முடிந்த பட்டணத்துப் பிள்ளைக்கும், ஆசிரியர் போதாத தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டு அதை வாய்ப்பு என்று சொல்ல முடியாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவித்தொகை தொடரட்டும். தரம் 6 அனுமதியை இந்தப் பரீட்சையிலிருந்து பிரித்துவிட வேண்டும். கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் ஆசிரியர்களை அனுப்ப வேண்டும்.

இதற்கெல்லாம் காலம் எடுக்கும். பதாகையை நிறுத்துவதற்குக் காலம் தேவையில்லை. அதிபர்களே, பழைய மாணவர் சங்கத்தினரே, இந்த ஆண்டு அதைக் கட்டாதீர்கள்.