ஸஃப்பில் அந்தப் பிள்ளைக்கும் இடமுண்டு

ஜும்ஆவுக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு பள்ளிவாசலின் படிவரை வந்து, உள்ளே நுழையத் தயங்கித் திரும்பிச் செல்லும் தந்தையர் நம் மஹல்லாக்களில் இருக்கின்றனர். மகன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான். குத்பாவின்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப உரக்கச் சொல்வான். "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று யாரேனும் முணுமுணுத்துவிட்டால் போதும். அடுத்த வாரம் முதல் அந்தக் குடும்பம் நம் கண்ணில் படுவதில்லை.

ஆட்டிசம் வளர்ப்பின் குறையன்று. மூளையின் வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணமென்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பி, பின்னர் கைவிட்டது. தடுப்பூசியைத் தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரையை அவ்விதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஆயினும் வாட்ஸ்அப்பில் அது இன்றும் உலவுகிறது. நம்மிடையே இவற்றோடு ஜின்னும் கண்ணேறும் சேர்ந்துகொள்கின்றன. ஜின்களின் இருப்பை நாம் மறுக்கவில்லை. ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் குறைத்துப் பேசவுமில்லை. ஆனால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத, விரல் நீட்டி எதையும் காட்டாத இரண்டு வயதுக் குழந்தையைத் தாயத்துக்காக ஊர் ஊராகத் தூக்கிச் செல்லும் ஆண்டுகள், பயிற்சி மிகுதியாகப் பலன் தரக்கூடிய ஆண்டுகளல்லவா?

பள்ளிவாசலை அந்தப் பிள்ளையின் புலன்களால் ஒருமுறை உணர்ந்து பார்ப்போம். ஒலிபெருக்கியின் இரைச்சல், மின்விசிறிகளின் ஓசை, நெருங்கி நிற்போரின் அத்தர் மணம், தோளோடு தோள் உரசும் நெருக்கம், திடீரென எழும் கூட்டு ஆமீன். நமக்கு உள்ளத்தை நிறைக்கும் அதே ஆமீன், ஒலியைத் தாங்கவியலாத காதுக்கு இடியாக விழுகிறது. அவன் ஓடுவது அடங்காமையால் அன்று.

பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்துவிட்ட கிராமவாசியைத் தோழர்கள் அதட்ட முற்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் முடிக்கும்வரை விடச் செய்து, பிறகு அவ்விடத்தில் நீரூற்றச் சொன்னார்கள். அறிவில் ஏதோ குறை இருந்த பெண்ணொருத்தி தமக்கு ஒரு தேவை இருப்பதாகக் கூறியபோது, எந்தத் தெருவில் வேண்டுமானாலும் வந்து கேட்பதாகச் சொல்லி, அவளுடைய தேவை தீரும்வரை அவளோடு நின்றார்கள். இவற்றை மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு சிறுவன் ஸஃப்பைக் கடந்து ஓடினால் நம் முகம் சுருங்குகிறது.

செய்யவேண்டியவை பெரியவை அல்ல. ஸஃப்பின் ஓரத்தில், ஒலிபெருக்கிக்குத் தொலைவில், வாசலுக்கு அருகே தந்தைக்கும் மகனுக்கும் இடம் விடலாம். கூட்டமில்லாத லுஹர் வேளையில் முதலில் அழைத்து வந்து பழக்கலாம். காதை மூடும் ஹெட்ஃபோனை அணிந்து வந்தால் யாரும் வியந்து பார்க்கவேண்டியதில்லை. மாறாத ஒழுங்கை விரும்பும் பிள்ளைகள் இவர்களில் பலர். ஒழுங்கு மாறாத உளூவும் ரக்அத்தும் அவர்களுக்கு உகந்தவையாகவே அமையக்கூடும். படங்களை வரிசையாக ஒட்டிக் காட்டினால் போதும். மக்தபில் பிரம்பால் கற்பிக்க முடியாததை உஸ்தாதுகள் இவ்வழியில் கற்பிக்கலாம். ரமலானில் வீட்டின் உணவும் உறக்கமும் தலைகீழாக மாறுமாதலால், பிறை பார்ப்பதற்குச் சில நாள் முன்னரே நாட்காட்டியில் காட்டி அவர்களை ஆயத்தப்படுத்துவது நலம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. அதற்கான அடையாள அட்டையையும் உதவிகளையும் அறியாத குடும்பங்கள் நம்மிடையே பல. நிகாஹ் பதிவேட்டைப் பேணும் ஜமாஅத் அலுவலகம், மாதத்தில் ஒரு நாள் அந்த விண்ணப்பங்களை நிரப்பித் தருவதற்கும் கதவைத் திறந்து வைக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகள் உடையோருக்கென மத்திய அரசின் தேசிய நிறுவனம் இயங்குகிறது. தனியாகச் செல்லத் தயங்கும் தாயோடு மஹல்லாவின் பெண்கள் இருவர் துணைக்குச் சென்று வரலாம்.