இயந்திரத்தின் நோயும் நோய்முதலும்

கல்வி என்றதும் ஏட்டையும் எழுத்தையும் மாத்திரமே நினைக்கும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. கைத்தொழிலாளரிடம் திறன் உண்டு, அறிவு உண்டென்று சொல்வதற்கில்லை என்பது அவ்வழக்கத்தின் உட்கிடை. இது பெரும் பிழை. பழைய பிக்கப் ஒன்றின் எஞ்சின் கோளாறை நல்ல மெக்கானிக் ஒருவர் எவ்வாறு கண்டறிகின்றார் என்பதை ஊன்றி நோக்குவோர், அளவை நூலின் முறையே ஆங்குத் தொழிற்படுவதைக் காண்பர்.

நல்லூர் வீதிகளுக்கு நெடுங்காலம் பழக்கமான ஒஸ்ரின் ஏ 40 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர்களும் 1200 சி. சி. கொள்ளளவும் உடைய அந்த எஞ்சின் உதறி உதறி ஓடுகின்றது என வைத்துக்கொள்வோம். பழக்கமற்றவன் பிளக்குகளை மாற்றுவான். பின் கொயிலை மாற்றுவான். அதன்பின் காபரேற்றரைக் கழற்றுவான். தேர்ந்தவரோ எஞ்சினை ஓடவிட்டுப் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பார். எதனை விலக்கும்போது ஓட்டம் மேலும் தளர்கின்றதோ அச்சிலிண்டர் வேலை செய்கின்றது. எதனை விலக்கியும் மாற்றமில்லையோ அதுவே நோயுற்றது. பின்னர் அதன் பிளக்கின் நிறத்தை நோக்குவார். உலர்ந்த கரி படிந்திருப்பின் எரிபொருள் மிகுந்துள்ளது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருப்பின் றிங் தேய்ந்து எண்ணெய் மேலேறுகின்றது போலும். வெளுத்திருப்பின் எரிபொருள் குறைந்தோ வெப்பம் மிகுந்தோ உள்ளது.

மற்றொரு நோயைப் பாருங்கள். நண்பகல் வெயிலில் ஓடிய வண்டி திடீரென நிற்கும். ஆறியபின் ஒன்றும் நேராததுபோல் மீண்டும் ஓடும். பெரும்பாலும் காரணம் இரண்டிலொன்று. குழாயினுள் எரிபொருள் ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். அல்லது சூடேறிய கொயிலோ கொண்டென்சரோ செயலற்றுப் பொறி பிறவாதிருக்கலாம். இவற்றைப் பிரித்தறியத்தக்க வேளை வண்டி நின்ற அந்தக் கணமே. பொறி நீலமாகப் பாயுமாயின் பிழையை எரிபொருட் பக்கத்தில் தேடல் வேண்டும். பாயாவிடின் மின்பக்கத்தில் தேடல் வேண்டும். ஆறவிட்டுச் சோதிப்பவனுக்கு இரண்டும் குற்றமற்றனவாகவே தோன்றும்.

நிலத்தின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணக்கற் பாறையில் ஊறுவது. அந்நீரை ஆண்டுக்கணக்காக றேடியேற்றரில் ஊற்றினால், கேத்தலில் படியும் வெண்படிவு அங்கும் படிந்து நீர்வழியை ஒடுக்கிவிடும். எஞ்சின் கொதிப்பதற்குரிய காரணம் கிணற்றிலேயே இருத்தல் கூடும்.

இவ்வறிவு 1990 ஆம் ஆண்டின் பின் பெருஞ் சோதனைக்கு உள்ளாயிற்று. போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது றிங்குகளைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்து, பெயரிங்குகளைத் தேய்க்கும். ஆகவே எண்ணெய் மட்டம் குறைவதற்கு மாறாக உயர்வதே அக்காலத்தில் அபாயக்குறி ஆயிற்று. நோயாளரையும் மரக்கறியையும் ஏற்றிய வண்டிகள் ஓடியது இத்தகைய நுண்ணறிவினாலேயே. அதனைக் கண்டு பயன்படுத்திய மெக்கானிக்மார் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்தம் அறிவு எழுத்தில் ஏறாவிடின் அவர்களுடனேயே மறைந்துபோகும்.

1822 ஆம் ஆண்டில் இருவர் பிறந்தனர். ஒருவர் நல்லூரில் தோன்றிப் பாலபாடங்களைத் தெளிந்த உரைநடையில் ஆக்கிய ஆறுமுக நாவலர். மற்றையவர் அமெரிக்காவினின்று 1847 இல் இங்கு வந்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, அதற்கு நூல்களும் ஆக்கிய மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் கிறீன். மனித உடலின் நோயைத் தமிழில் விளக்க அன்றே இயன்றதெனின், இயந்திரத்தின் நோயை விளக்க இன்று இயலாதா?

புதிய வண்டிகளின் பிழையைக் கணினிக் கருவியே காட்டிவிடும், இவ்வறிவு இனி எதற்கு என்பார் உளர். முதலாம் சிலிண்டர் எரியவில்லை என்று அக்கருவி சொல்லும். எரியாமைக்குக் காரணம் பிளக்கா, கொயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்பதை மனிதரே ஆராய்ந்து தெளிதல் வேண்டும். குறி கிடைத்தவுடன் காரணமும் கிடைத்ததாகக் கொள்ளுதல் வைத்தியத்திலும் தவறு, இயந்திரத்திலும் தவறு.

உயர்தர வகுப்புக்களில் தொழினுட்பப் பிரிவு 2013 முதல் நடைபெறுகின்றது. அதன் ஆசிரியர்கள் தம் மாணாக்கரை அயலிலுள்ள கராஜுக்கு அழைத்துச் செல்லலாம். மூத்த மெக்கானிக் ஒருவரிடம், “ஐயா, இதை எப்படி அறிந்தீர்கள்?” என்று வினவி, அவர் கூறும் விடையை அவர் வழங்கும் சொற்களாலேயே எழுதி வைக்கலாம். தமிழ் ஆசிரியர்கள் அதனைத் திருத்தமான உரைநடை ஆக்கித் தருவார்களாயின், மாணாக்கருக்கு நல்லதொரு பாடநூலும் நம் மொழிக்குப் புதியதொரு துறையும் கிடைக்கும்.