இங்குபேட்டர் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு கட்டில்

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டால், பாலுக்கு வாயைத் திறந்தபடி அந்தப் பக்கம் திரும்பும். அதே கன்னத்தில் அதன் சொந்தக் கை பட்டால் பெரும்பாலும் சட்டை செய்யாது. 1997இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர் பிலிப் ரோஷாவும் சூசன் ஹெஸ்போஸும் இதை எண்ணியே பார்த்தார்கள். அடுத்தவர் விரலுக்குக் குழந்தைகள் திரும்பியது, தன் கைக்குத் திரும்பியதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். தன் கை பட்டால் கையும் கன்னமும் சேர்ந்து உணர்கின்றன. அடுத்தவர் தொட்டால் கன்னம் மட்டும்தான். இந்த வித்தியாசம் முதல் நாளிலேயே குழந்தைக்குப் பிடிபட்டுவிடுகிறது.

பிறந்த குழந்தையைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் நிலைத்துவிடவில்லை. பெரியவர் நாக்கை நீட்டினால் சிசுவும் நீட்டும் என்று 1977இல் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் சொன்னது பாடப்புத்தகம்வரை ஏறியது. 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 106 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது அப்படியொரு பாவனை தென்படவில்லை. சண்டை இன்னும் ஓயவில்லை. தொடுகை பற்றிய சான்றுகள் இதைவிட உறுதியானவை.

அப்படியானால் ஏழாம் மாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் தொடுகை எது? குதிகாலில் குத்தும் ஊசி, மூக்கில் செருகிய குழாய், பிய்த்தெடுக்கும் பிளாஸ்திரி. 2017இல் நத்தலி மைத்ர் தலைமையிலான அமெரிக்கக் குழு 125 குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தது. தோலில் மெல்லக் காற்று ஊதியபோது, குறைமாதக் குழந்தைகளின் மூளை நிறைமாதக் குழந்தைகளைவிடக் குறைவாகவே பதில் கொடுத்தது. வலிதரும் சிகிச்சை கூடியவர்களிடம் அந்தப் பதில் மேலும் மங்கியிருந்தது. தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கிடந்த நேரம் கூடியவர்களிடமோ வலுவாக இருந்தது.

வலி விஷயத்தில் மருத்துவ உலகம் விழித்துக்கொண்டதே தாமதமாகத்தான். 1980கள்வரை பச்சிளம் குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சைகள் நடந்தன. இந்தியாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வுகள்தான் அந்த வழக்கத்தை அசைத்தன.

அரவணைப்பின் கதை பொகோட்டாவில் தொடங்கியது. இங்குபேட்டர் தட்டுப்பாட்டில் திணறிய அந்தக் கொலம்பிய நகர மருத்துவமனையில், 1978இல் எட்கர் ரே சனாப்ரியா குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டிவைக்கச் சொன்னார். அதுதான் இன்றைய கங்காரு பராமரிப்பு. வசதி இல்லாதவர்களின் வைத்தியம் என்று அதைப் பார்த்தவர்கள் உண்டு. நம் மருத்துவமனைகளிலும் குழந்தை தேறிய பிறகு, நேரம் இருந்தால் செய்யும் உபரி வேலையாகவே அது பல இடங்களில் நடக்கிறது. இந்தப் பார்வைதான் தவறு.

தேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு டெல்லியிலேயே சான்று இருக்கிறது. அங்குள்ள சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகள். பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்க்கப்பட்டவர்கள், நாளில் சுமார் 17 மணி நேரம் அங்கேயே இருந்தார்கள். முதல் 28 நாட்களில் அவர்களில் இறந்தவர்கள் 12 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 15.7 சதவீதம். வித்தியாசம் தெளிவாகிவிட்டதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். "தாய் உள்ளே வந்தால் கிருமி தொற்றும்" என்பது வழக்கமான ஆட்சேபம். ஆனால் மார்பில் கிடந்த குழுவில்தான் கிருமித்தொற்றும் குறைவு.

2022 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் இதுவே: கூடியவரை பிறந்தவுடன் தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். அத்தனை நேரத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எந்தத் தாயும் கழிக்க முடியாது, அதுவும் சிசேரியன் தையலோடு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உள்ளேயே அவளுக்குக் கட்டில் வேண்டும், சாப்பாடும் கழிப்பறையும் வேண்டும். அவளையும் கவனிக்க மகப்பேறு நர்ஸ் வேண்டும். புதிய பிரிவுகளுக்கு வரைபடம் போடும்போதே வென்டிலேட்டர் எண்ணிக்கையோடு இந்தக் கட்டில்களையும் அரசு எழுதிவிட வேண்டும். தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பாவோ பாட்டியோ அத்தையோ மார்பில் ஏந்தலாம். அந்த ஐந்து நாட்டு ஆய்விலும் மாற்று ஆள் அனுமதிக்கப்பட்டார். அதற்கு முதலில், வார்டு வாசலில் தொங்கும் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும்.