ஆயுத இறக்குமதியும் ‘தற்சார்பு’ முழக்கமும்

ஸ்டாக்ஹோமில் இயங்கும் சிப்ரி என்னும் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனம் 2025 மார்ச்சில் வெளியிட்ட விவரங்கள் ஆட்சியாளர்களின் வீரவசனங்களுக்குத் தக்க பதிலாகும். 2020-24 காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக ஆயுதங்களை இறக்குமதி செய்த நாடு, போரில் சிக்கியுள்ள உக்ரைன். அதற்கு அடுத்த இடத்தில் இந்தியா! உலக ஆயுத இறக்குமதியில் 8.3 சதவீதம் நமது பங்கு. விற்பனை செய்வோர் பட்டியலிலோ அமெரிக்கா மட்டும் 43 சதவீதத்தைக் கைப்பற்றியுள்ளது.

முந்தைய ஐந்தாண்டுகளைவிட இறக்குமதி குறைந்துள்ளது, ரஷ்யாவைச் சார்ந்திருப்பதும் குறைந்துள்ளது என்று மோடி அரசு மார்தட்டக்கூடும். 2010-14இல் 72 சதவீதமாக இருந்த ரஷ்யாவின் பங்கு 36 சதவீதமாகச் சரிந்தது உண்மையே. ஆனால் அந்த இடத்தை நிரப்பியது யார்? பிரான்சும் இஸ்ரேலும் அமெரிக்காவும்தான். சார்பு ஒழியவில்லை, எஜமானர்கள்தான் மாறியுள்ளனர்.

ஆயுத வணிகம் ஒருமுறை விற்று முடிகிற சரக்கு வணிகமல்ல. உதிரிபாகம், வெடிபொருள், பராமரிப்பு என்று பல பத்தாண்டுகளுக்கு வாங்கிய நாட்டின் கைகளைக் கட்டிப்போடும் ஏற்பாடு அது. ரஷ்யாவிடம் எஸ்-400 ஏவுகணைகளை வாங்க 2018இல் இந்தியா ஒப்பந்தம் செய்தபோது, தனது உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டிப் பொருளாதாரத் தடை விதிப்போம் என்று மிரட்டியது அமெரிக்கா. உள்நாட்டுத் தயாரிப்பு என்று பெருமை பேசப்படும் தேஜஸ் மார்க் 1ஏ விமானத்தின் கதை என்ன? 83 விமானங்களுக்கு 2021இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றுக்கான இஞ்சின்களில் முதலாவதை அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலக்ட்ரிக் அனுப்பிவைத்தது 2025 மார்ச்சில்தான்!

இதே ஆட்சிதான், இரு நூற்றாண்டு மரபுள்ள படைத்தளவாடத் தொழிற்சாலைகளின் வாரியத்தை 2021 அக்டோபரில் கலைத்து, 41 ஆலைகளை ஏழு நிறுவனங்களாகக் கூறுபோட்டது. எதிர்த்த தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால் சிறை என்று சட்டமும் இயற்றியது. மறுபுறம், பாதுகாப்புத் துறையில் 74 சதவீதம் வரை அந்நிய மூலதனம் அரசின் முன் அனுமதியின்றி நுழைய 2020இலேயே கதவைத் திறந்துவிட்டது. ஹைதராபாத்தில் அதானி குழுமம் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ட்ரோன் தயாரிப்பதுதான் இவர்களது ‘தற்சார்பு’.

இஸ்ரேலிய ஆயுதங்களை மிக அதிகமாக வாங்கும் நாடு இந்தியாவே. 1988இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்த நாட்டின் மக்கள் பணம், காஸாவில் குழந்தைகளைக் கொன்று குவிக்கும் போர் எந்திரத்திற்குத் தீனியாகிறது என்பது வெட்கக்கேடு.

எல்லைப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்; ஆனால் அதை அந்நிய ஆயுத முதலாளிகளிடம் அடகு வைக்க முடியாது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கிய அரசு, கிராமப்புற வேலை உறுதித் திட்டத்திற்கு ஒதுக்கியது 86 ஆயிரம் கோடி மட்டுமே.

பொதுத்துறை ஆயுத உற்பத்தியை வலுப்படுத்து! இஸ்ரேலுடனான ஆயுத வணிகத்தை உடனே நிறுத்து! அமெரிக்காவுடனான ராணுவ உடன்பாடுகளை ரத்து செய்! அண்டை நாடுகளுடன் பேச்சுவார்த்தை மூலம் பதற்றத்தைத் தணி! இக்கோரிக்கைகளை ஆலைவாயில்களுக்கும் கிராமங்களுக்கும் கொண்டுசெல்வது நம் கடமை.