காரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்!



பிறந்த நாள் வருகிறது. "என்ன வேண்டும், சொல்" என்று மாமா கேட்கிறார். உங்களில் பலர் தயங்காமல் சொல்லும் விடை "ரிமோட் கார்!" என்பதுதான், இல்லையா?

கடைக்குப் போகிறீர்கள். அலமாரி முழுவதும் பளபளக்கும் பெட்டிகள். ஒரு கார் விளக்கெரிக்கிறது. ஒன்று பாட்டுப் பாடுகிறது. இன்னொன்று குட்டிக்கரணம் போடுகிறது. எதை வாங்குவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கையும் பாட்டையும் வேகத்தையும் பார்த்து வாங்காதீர்கள். காரைத் தலைகீழாகத் திருப்பி அதன் அடிவயிற்றைப் பாருங்கள். அங்கே திருகாணிகள் இருக்கின்றனவா? ஒரு சிறிய திருப்புளியால் அதைத் திறந்து மூட முடியுமா? முடியும் என்றால் அது வாங்கத்தக்க கார். முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படி நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் பக்கத்து வீட்டுப் பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு வந்த ரிமோட் கார் ஒன்பதாம் நாளே நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் உள்ளே 'கிர்ர்' என்று சத்தம் வந்தது. சக்கரம் மட்டும் சுழலவில்லை. வாங்கிய கடையில், "இதையெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது தம்பி, புதுசு வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். நானும் அவனும் அதைத் திறக்கப் பார்த்தோம். திருகாணி ஒன்றுகூட இல்லை. இரண்டு பாதிகளையும் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். கடைசியில் உடைத்துத்தான் பார்த்தோம். மோட்டாரின் அச்சில் செருகியிருந்த குட்டிப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருந்தது. அதனால் அச்சு தனியே சுற்ற, பல்சக்கரம் சும்மா நின்றது. மோட்டார் நன்றாக இருந்தது. மின்சுற்று நன்றாக இருந்தது. செல்களும் சக்கரங்களும் நன்றாக இருந்தன. சுண்டுவிரல் நகத்தளவுள்ள ஒரு பல்சக்கரத்துக்காக ஒரு முழுக் கார் குப்பைக்குப் போயிற்று!

நட்டம் பணத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். "இயந்திரம் என்றால் கெட்டுப்போகும், கெட்டுப்போனால் எறிந்துவிட வேண்டும்" என்று அந்தப் பையன் அன்று கற்றுக்கொண்டான். எனக்கு வருத்தம் அதில்தான்.

சரி, ஒரு ரிமோட் காருக்குள் என்னதான் இருக்கிறது? தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

முதலாவது, வானொலி அலை. 1898-ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஒரு சிறு படகை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டார். கம்பி எதுவும் இல்லாமலேயே அதைத் திருப்பினார், அதன் விளக்குகளை எரியவைத்தார். அந்தப் படகுக்குள் மின்கலம், மோட்டார், அலைவாங்கி மூன்றும் இருந்தன. இன்று உங்கள் காருக்குள் இருப்பவையும் அவையே.

பழைய வகை ரிமோட் கார்கள் பெரும்பாலும் 27 மெகா ஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்ணில் இயங்குபவை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அலையின் வேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். அதை 2 கோடியே 70 லட்சத்தால் வகுத்தால் அலைநீளம் சுமார் 11 மீட்டர் வருகிறது. அலை நீளமானால் ஏரியலும் நீளமாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் அந்த ரிமோட்டில் இழுத்து நீட்டும் கம்பி இருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் அதிர்வெண் 2.4 கிகா ஹெர்ட்ஸ். அலைநீளம் வெறும் 12.5 சென்டிமீட்டர். ஏரியல் உள்ளேயே அடங்கிவிடுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. ஒரே அதிர்வெண்ணுள்ள இரண்டு பழைய வகைக் கார்களை ஒரே முற்றத்தில் ஓட்டினால், உங்கள் ரிமோட்டுக்குத் தம்பியின் காரும் ஆடும். புதிய வகையில் ஒவ்வொரு ரிமோட்டும் தன் காரை மட்டும் அடையாளம் கண்டு பேசுகிறது. ஆகவே, நண்பர்களோடு சேர்ந்து ஓட்டுவதானால் 2.4 கிகா ஹெர்ட்ஸ் நல்லது.

இரண்டாவது, மோட்டாரும் பல்சக்கரமும். சிறிய மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றும். ஆனால் அதற்கு இழுவிசை குறைவு. மோட்டாரில் 8 பல் சக்கரமும், அச்சில் 40 பல் சக்கரமும் இருந்தால் என்ன ஆகும்? வேகம் ஐந்தில் ஒரு பங்காகும்; திருப்புவிசையோ, உராய்வில் போவது நீங்கலாக, ஐந்து மடங்காகும். சைக்கிளில் மேடேறும்போது கியர் மாற்றுவதும் இதே தத்துவம்தான். சுவரில் மோதும்போது அடி வாங்குவதும் இந்தப் பல்சக்கரம்தான். எனவே, "பல்சக்கரம் தனியாகக் கிடைக்குமா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தே விடையைத் தெரிந்துகொள்ளலாம்!

மூன்றாவது, திருப்பும் அமைப்பு. மிக மலிவான சில கார்களில் பொத்தான் ஒன்றுதான். அவை முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அழுத்தினால் வளைந்து பின்னால் வரும். அவ்வளவுதான். அடுத்த நிலைக் கார்கள் இடது, வலது, முன், பின் என்று நான்கும் செய்யும். ஆனால் திருப்பினால் முழுத் திருப்பம், ஓடினால் முழு வேகம். நடுவில் ஒன்றும் கிடையாது. இன்னும் நல்ல கார்களில் நீங்கள் ரிமோட்டில் எவ்வளவு திருப்புகிறீர்களோ, அந்த அளவுக்கே சக்கரமும் திரும்பும். இதைச் செய்வது 'சர்வோ' என்ற சிறு அமைப்பு. "எங்கே இருக்க வேண்டும்? இப்போது எங்கே இருக்கிறேன்?" என்று அது இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, வேறுபாடு தீரும்வரை மோட்டாரைச் சுழற்றுகிறது. தொழிற்சாலை ரோபாவின் கைகளிலும் இதே தத்துவம்தான். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் அதை விளக்குக்கும் பாட்டுக்கும் செலவழிக்காமல் இதற்குச் செலவழியுங்கள்.

நான்காவது, மின்கலம். பென்டார்ச் செல் நான்கு போடும் கார் என்றால் 1.5 வோல்ட் வீதம் மொத்தம் 6 வோல்ட். கார் ஒரு ஆம்பியர் மின்னோட்டம் இழுக்கிறது, செல்லின் கொள்ளளவு 2 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். அதிகம் போனால் இரண்டு மணி நேர ஓட்டம். பிறகு நான்கு செல்களும் குப்பை. வாரம் ஒரு முறை மாற்றினால், சில மாதங்களில் செல்லின் விலை காரின் விலையைத் தாண்டிவிடும். அதனால் திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய நிக்கல் செல்களைக் கேளுங்கள். ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான்; கார் சற்று மெதுவாக ஓடலாம். ஆனால் நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம். பென்டார்ச் செல் அளவிலேயே இருப்பதால் எந்த ஊரிலும் மாற்று கிடைக்கும்.

லித்தியம் பாட்டரியுள்ள கார்களும் நிறைய வருகின்றன. எடை குறைவு, ஆற்றல் மிகுதி, நல்லவைதான். ஆனால் அதோடு வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் மின்னேற்ற வேண்டும். பாட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடக்கூடாது. பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும், அது தீப்பிடிக்கக்கூடும். காரைத் திறக்கச் சொன்னேனே தவிர, பாட்டரியைத் திறக்கச் சொல்லவில்லை! காரைத் திறக்கும்முன் பாட்டரியைக் கழற்றி வைப்பது முதல் விதி. வட்டமான பொத்தான் செல் போடும் ரிமோட் என்றால், அதன் மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் தவழும் குழந்தை அந்தச் செல்லை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம். விழுங்கியது தெரிந்தால் நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

"வேகமாக ஓடும் கார்தானே நல்ல கார்?" என்று கேட்கிறீர்களா? இதையும் கணக்கால் பார்ப்போம். அரைக் கிலோ எடையுள்ள கார் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 1 ஜூல். ஒன்றரைக் கிலோ எடையுள்ள பந்தயக் கார் வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 75 ஜூல்! ஒன்றரைக் கிலோ கல் 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அப்படி ஒன்று தங்கையின் கணுக்காலில் மோதினால்? சந்திலும் முற்றத்திலும் ஓட்டுவதற்கு மெதுவான காரே போதும். பெரிய மைதானமும் கூட ஒரு பெரியவரும் இருந்தால் வேகத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேடுங்கள். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். முத்திரை இல்லாத மலிவுப் பெட்டியில் என்ன பிளாஸ்டிக், என்ன பாட்டரி என்று யாருக்குத் தெரியும்?

இனி, என் கருத்தை மறுப்பவர்களுக்கு வருவோம். "பிள்ளைகள் கையில் திருப்புளியைக் கொடுத்தால் நல்ல காரையும் கெடுத்துவிடுவார்களே!" என்பார்கள் பெற்றோர். உண்மைதான், சில நேரம் கெடும். ஆனால் பிரித்துப் பார்த்துக் கெட்ட கார், ஒட்டி மூடிய காரைவிட அதிகம் கற்றுக்கொடுக்கிறது. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தமியா கம்பெனி 1976-இல் தன் முதல் ரிமோட் காரை வெளியிட்டது. போர்ஷே 934 என்ற பந்தயக் காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு மாதிரி அது. அதைச் சரியாக வடிப்பதற்காக, பின்னாளில் அக்கம்பெனியின் தலைவரான ஷுன்சாகு தமியா என்ன செய்தார் தெரியுமா? உண்மையான போர்ஷே கார் ஒன்றையே வாங்கி அக்கக்காகப் பிரித்தார்! பொம்மைக் கார் வெளிவந்ததும் முழுக் காராக அல்ல. வாங்குபவரே பூட்டிக்கொள்ள வேண்டிய உதிரிப் பாகங்களாக. பூட்டத் தெரிந்தவருக்குப் பழுது பார்க்கவும் தெரியும்தானே?

"அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஆளுக்கொரு மட்டமான கார் வாங்குவதைவிட, நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு நல்ல காரை வாங்கலாம். பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒன்று வாங்கச் சொல்லி ஆசிரியரைக் கேட்கலாம். பழைய பொம்மையிலிருந்து கழற்றிய மோட்டார், இரண்டு செல், ஒரு சுவிட்சு, நீண்ட ஒயர் இவற்றைக் கொண்டு கம்பியுள்ள கார் ஒன்றை நீங்களே செய்தும் ஓட்டலாம். அது ரிமோட் கார் அல்லதான். ஆனால் அதைச் செய்த கைக்கு ரிமோட் காரைப் பழுது பார்ப்பது கடினமாக இராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைகளில் "பையனுக்குக் கார், பொண்ணுக்குப் பொம்மை" என்று எடுத்து நீட்டுகிறார்கள். மோட்டாருக்குப் பையன், பெண் என்ற பேதம் தெரியாது. அண்ணன் காரை ஓட்ட, தங்கை வேடிக்கை பார்க்கும் வீட்டில் கார் ஒன்றாக இருக்கலாம். திருப்புளி இரண்டு இருக்கட்டும்.

எங்கள் கதைக்குத் திரும்புவோம். உடைத்த காரிலிருந்து மோட்டாரையும் சக்கரங்களையும் நானும் அந்தப் பையனும் எடுத்து வைத்தோம். இன்னொரு பழைய பொம்மையில் கிடைத்த பல்சக்கரம் அந்த அச்சில் கச்சிதமாகப் பொருந்தியது. அட்டையில் உடல் செய்து, ஒயரும் சுவிட்சும் வைத்தான். முதல் ஓட்டத்தில் கார் கோணலாகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. அவன் அழவில்லை. காரைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்!