அழிக்க வேண்டியது லினக்ஸை அல்ல

‘லினக்ஸில் சவுண்ட் கார்டு வேலை செய்யாது’ என்று கம்ப்யூட்டர் கடையில் சொன்னால் நம்பாதீர்கள். பாதி பொய். மீதி சோம்பேறித்தனம்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு பாடும் குழு ஒன்று. தங்கள் கதைகளைப் பதிவு செய்ய ஆசைப்பட்டு ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கினார்கள். கையிலிருந்தது பையனுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. லினக்ஸில் சத்தமே வரவில்லை. கடைக்காரர் தீர்ப்பு சொன்னார்: “அண்ணாச்சி, இதை அழிச்சிருவோம். இடமாவது மிச்சம்.”

அழித்துவிட்டார்கள். நம் வரிப்பணத்தில் உருவான மென்பொருள் சார்!

தப்பு யார் மேல்? 2000ல் வந்த யு.எஸ்.பி. 2.0, நொடிக்கு 480 மெகாபிட் வரை கடத்தும். அதற்கு முந்தையது வெறும் 12. இந்த வேகத்தில் குடம், உடுக்கை, ஜால்ரா, பாட்டுக்காரர் குரல் எல்லாவற்றையும் தனித்தனி மைக்கில் ஒரே நேரத்தில் பதியலாம். இதற்கென்றே ‘ஆடியோ கிளாஸ் 2’ என்ற பொது விதிமுறை 2006ல் வந்தது. அதன்படி செய்த கருவிக்குத் தனி டிரைவர் வேண்டாம். லினக்ஸ் அதை 2010லேயே ஏற்றுக்கொண்டது. கோடீஸ்வர விண்டோஸ்? 2017ல்தான். ஏழு வருஷம் லேட்!

விதிமுறையை மதிக்காமல், தன் கருவியின் ரகசியத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும் டிரைவர் தருகிற கம்பெனிகள்தான் வில்லன்கள். சில கருவிகளில் சத்தம் வரும், மிக்ஸர் மட்டும் அடம்பிடிக்கும். ஃபோகஸ்ரைட்டின் ஸ்கார்லெட் கார்டுகளின் மிக்ஸரை லினக்ஸுக்குப் புரியவைத்தது கம்பெனி அல்ல, தன்னார்வலர்கள்.

கம்பெனியைப் பணியவைக்க முடியாதா? எல்காட்டில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது, 2007 வாக்கில் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். அரசு டெண்டரில் ஒரு வரி போதும்: ‘தனி டிரைவர் இல்லாமல், பொது விதிமுறைப்படி இயங்க வேண்டும்.’ லட்சக்கணக்கில் வாங்குகிறவர் சொன்னால் விற்கிறவர் கேட்டே ஆக வேண்டும். (பி.காம். படித்த எனக்கே தெரிகிற கணக்கு இது.) ஆனால் லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அரசு கைகழுவிவிட்டது.

அந்த வரி வரும்வரை நீங்களே கேளுங்கள். காசு கொடுக்கும் முன், “இது ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’டா?” என்று. கடைக்காரர் முழித்தால், “டிரைவர் போடாமல் ஐபேடில் ஓடுமா?” என்று கேளுங்கள. ஓடும் என்றால் பெரும்பாலும் லினக்ஸிலும் ஓடும்.